எழுத்துக்கு ஐம்பது ஷில்லிங்

நெலிமா முதலில் கொண்டுவந்த பெயர்
பலகைக்குள் அடங்கவில்லை.
நெலிமா மோட்டார் சைக்கிள் மற்றும்
உதிரிபாக விற்பனை நிலையம், புங்கோமா.
எழுத்துக்கு ஐம்பது ஷில்லிங் என்றேன்.
விரல்விட்டு எண்ணினாள்.
ஊரை வெட்டினாள்.
உதிரிபாகத்தை வெட்டினாள்.
தன் பெயரை வெட்டும்போது மட்டும்
கொஞ்சம் நின்றாள்.

மிஞ்சியது ஒரே சொல்:
த்வெண்டே.
போவோம் வா.
போவதற்கு அப்போது அவளிடம்
மூன்றே வண்டிகள்.

பிறகு நைரோபியிலிருந்து வந்த வங்கிக்காரர்
பிரமாதமான பிராண்ட், யார் யோசித்தது என்றார்.
கையில் காசில்லை, அதுதான் யோசித்தது
என்றாள்.
அவர் சிரித்தார், கடன் தரவில்லை.

கடை என்பது
ஒரு சரக்குப் பெட்டகத்தில் பாதி.
மறுபாதியில் சோளமாவு மில்.
புது வண்டிகளின் இருக்கைமேல்
எப்போதும் ஒரு வெள்ளைப் படலம்.
துடைத்துத் துடைத்து
அவள் வலது முழங்கை கறுப்பு,
இடது முழங்கை மாவு.

வண்டி கேட்டு வருகிறவனிடம்
சம்பளம் கேட்கமாட்டாள்.
உன் ஸ்டாண்டில் உனக்கு முன்னால்
எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்?
மழைநாளில் யாரை ஏற்றுவாய்?
கடைசியாக விழுந்தது எங்கே?
விழவே இல்லை என்கிறவனுக்குத்
தவணை கிடையாது.

எதிர்ச்சாரியில் கண்ணாடி ஷோரூம் வந்தது.
டை கட்டிய பையன்கள், பலூன்கள்.
அந்த மாதம் அவளுடைய நான்கு வண்டிகள்
மலாபா எல்லை தாண்டி உகாண்டா போனவை
போனவைதான்.
போவோம் வா என்று பெயர் வைத்தால்
போகத்தானே செய்வார்கள் என்றேன்.
மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.
என் கூலியும் வரவில்லை.

வெபுயேயில் இரண்டாவது கடை.
அங்கும் நான்தான் எழுதினேன், சிவப்பில்,
நூல் பிடித்து, கோடு போட்டு.
பதினெட்டு வருடக் கை இது.
என் எழுத்தின் அடியில்
ரசமட்டம் வைத்துப் பார்க்கலாம்.

கிட்டாலேயில் மூன்றாவது.
சுவரை அளக்கப் போகும் வழியில்
ஒரு வசூல் இருக்கிறது, ஏறு என்றாள்.
பதினோரு வாரம் பாக்கி.
கயேம்பா என்றொருவன்,
தொடைவரை மாவுக்கட்டு.
வண்டி வீட்டுக்குள், கட்டிலுக்குப் பக்கத்தில்
நோயாளிக்குத் துணை இருப்பதுபோல் நின்றது.

அதன் பின்சக்கர மட்கார்டில்
வீட்டுக்கதவு அடித்த பச்சைப் பெயின்ட்டில்
யாரோ எழுதியிருந்தார்கள்:
துவெண்டே.
பிழை. கோணல்.
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல்
அது மேலேறி உட்கார்ந்திருந்தது.

யார் எழுதினது?
நான்தான்.
உங்கள் ஸ்டிக்கர் மழையில் உரிந்துபோச்சு.
எந்தக் கடை வண்டி என்று கேட்கிறார்கள்,
சொல்லவேண்டாமா?

அவள் நெடுநேரம் பார்த்தாள்.
சரி, விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.
சாவியை வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது
அந்த வண்டியை அவள் ஓட்ட,
நான் மற்றதில், பின்னால்,
நாற்பது கிலோமீட்டர்
அந்தப் பச்சைக் கோணலையே
படித்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் வந்தாள்.
கிட்டாலே சுவரில்
அவன் எழுதியதுபோலவே எழுது.
பிழையோடா?
பிழையோடு. பச்சையில்.
மற்ற இரண்டு கடைக்கும் அதுவே.
முடியாது என்றேன். தொழில் அவமானம் என்றேன்.
கடைசியில்
எழுத்துக்கு நூறு கேட்டேன்.
பேரம் பேசாமல் கொடுத்தாள்,
முதல்முறையாக.

வண்டி வாசலில் நிற்கிறது, விற்பனைக்கில்லை.
கால் கூடியதும் வருவான் என்கிறாள்.
தவணை ஓடுகிறதா என்று கேட்டேன்.
ஓடாமல்?
எழுத்துக்கு அவனுக்கு என்ன கொடுத்தாய்
என்று கேட்க வாய் வந்தது.
பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டேன்.

இப்போது சாரத்தின்மேல் நிற்கிறேன்.
கீழே ரைடர்கள் கூடி
அண்ணாந்து பார்க்கிறார்கள்.
மூன்று முறை அழித்தாயிற்று.
மற்றதெல்லாம் கோணிவிட்டது;
மேலேறி உட்காரவேண்டிய அந்தக் கடைசி எழுத்துதான்
எத்தனை முயன்றாலும்
நேராக வந்து நிற்கிறது.