ஆல்பேட்டையில் ஏறுகிறவர்

மாலைப் பேருந்து பெண்ணையாற்றுப் பாலம் ஏறும்போதே
பேச்சு குறையும்.
ஆல்பேட்டையில் ஒரு போலீஸ்காரர் ஏறுவார்,
லத்தி நுனியால் பைகளைத் தொட்டுக்கொண்டே வருவார்.
என் பையில் டிபன் டப்பா, குடை,
சாயம் படிந்த வெள்ளைக் கோட்டு.
பதினோரு வருஷமாக அதைத் திறக்கச் சொன்னதில்லை.

கோரிமேட்டில் எனக்கு வேலை:
மெழுகில் புதைந்த சதையை
நான்கு மைக்ரான் கனத்தில் சீவ வேண்டும்,
வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்த வேண்டும்.
பிறகு சாயம்.
பழுப்பு வந்தால் இருக்கிறது. வராவிட்டால் இல்லை.
மீதியை டாக்டர் குலோத்துங்கன் சொல்வார்.

போன மாதம் ஒரு கன்னத்துச் சதை.
எண் 3417. ஆண், ஐம்பத்து நான்கு.
ஈ-கேட்ஹெரின் சாயம் போட்டேன்.
நடுவில் செல்கள் தோளோடு தோள் ஒட்டி
ஒவ்வொன்றைச் சுற்றியும் பழுப்புக் கோடு,
தேனடையை வெட்டி வைத்தது போல.
ஓரத்தில் கோடு மங்குகிறது.
அதற்கும் அப்பால்
மீன்குஞ்சு மாதிரி நீண்ட சில செல்கள்,
தனித்தனியாக,
பழுப்பே இல்லாமல்.
அடுத்த கண்ணாடியில் விமென்டின் போட்டேன்.
அந்தச் சில இப்போது அடர்ந்து தெரிந்தன.

இதைச் செய்விக்கும் மரபணுவுக்கு நத்தை என்று பெயர்.
சிரிக்காதீர்கள்.
எங்கோ ஓர் ஆய்வகத்தில்
ஈயின் புழு சுருண்டு கிடந்ததாம், வைத்துவிட்டார்கள்.
அதன் கூட்டாளி ட்விஸ்ட். இன்னொன்று ஸெப்.
அவை வந்து உட்கார்ந்தால்
கேட்ஹெரின் எழுதும் பேனா மூடிக்கொள்ளும்.
செல் கையை விடும்.
சட்டையை மாற்றும்.
நடக்கும்.

சென்னைக்கு எடுத்துப்போகக்
கண்ணாடிகளைக் கேட்டு ஒருவர் வந்தார்.
கோடு போட்ட சட்டை, கழுத்தில் துண்டு.
பதிவேட்டில் பா. தணிகைவேல் என்று கையெழுத்து.
"டெய்லி பாக்கறீங்களேம்மா" என்றார்
பாதி வாயால்.
சீருடை இல்லாமல் எனக்குத் தெரியவில்லை.

பார்க்கலாமா என்று கேட்டார்.
நுண்ணோக்கியில் வைத்துக் கொடுத்தேன்.
நெடுநேரம் குனிந்திருந்தார்,
இருபத்தாறு வருஷம் பைகளைப் பார்த்த கண்.
"குடும்பமா கைகோத்து வர்றவங்கள நான் நோண்டறதில்ல.
பாட்டில் கொண்டுபோறவன் தனியா வருவான்.
நல்ல சட்டை போட்டிருப்பான்.
ஒருத்தன் மாலை போட்ட சாமியா வந்தான்."
பிறகு, தலையைத் தூக்காமல்,
"ஓரத்துல இருக்கறவங்கதானே?"

நான் அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
அதே நத்தைதான்
அவர் தாய் வயிற்றில் நான்காவது வாரம்
முதுகோரச் செல்கள் சிலவற்றைக் கை விடச் சொல்லி
நடக்கவிட்டு
தாடை வரை கொண்டுவந்து சேர்த்தது.
சிரிப்பதற்கான எலும்பு அப்படி வந்ததுதான்.
பிறகு தூங்கப் போய்விட்டது.
எழுப்பியது கன்னத்தில் அடக்கிய புகையிலையா,
வேறெதுவுமா,
கண்ணாடி சொல்லாது.

தட்டில் வளரும் தோல் செல்லுக்கு
நான்கு மரபணுக்களைக் கொடுத்தால்
பிறப்பதற்கு முந்தைய நாட்களுக்கே திரும்பிவிடுமாம்.
திரும்பும் வழியில் முதலில் செய்வது
பக்கத்துச் செல்லின் கையைப் பிடிப்பது.
இதைப் படித்த இரவு சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.
அடுத்த பக்கத்தைப் படித்திருக்கக் கூடாது.
ஓடிப்போன செல்லும் அப்படித்தான்,
நுரையீரலில் இறங்கியதும்
பழைய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு
கைகோத்துக் குடும்பமாகிவிடும்.

அன்று மாலை ஆல்பேட்டையில்
புதிதாக ஒரு பையன் ஏறினான்.
என் பையைத் திறக்கச் சொன்னான்.
டிபன் டப்பா. குடை.
கோட்டுப் பையில் ஒரு வெற்றுக் கண்ணாடி,
எப்படி வந்ததோ.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.
"என்ன இது?"
"ஒண்ணுமில்ல."
திருப்பிக் கொடுத்தான்.

கடைசி சீட்டில் ஒரு குடும்பம்
கைகோத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.
அவர்களை எழுப்பாமல் இறங்கினான்.