தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு

கல்மண்டபத்தில் மருந்துக் கடையில் நிற்கிறேன், ஆறு வருடமாக.
கிறுக்கலைப் பார்த்தே எந்த டாக்டர் என்று சொல்வேன்.
பிள்ளையின் எடையைச் சொன்னால் போதும்,
மூடியில் எந்தக் கோடு வரை என்று விரல் தானாகப் போய் நிற்கும்.
"ஆஸ்பத்திரிக்குப் போணுமாக்கா, இதுவே கேக்குமா?"
நாளைக்கு இருபது பேராவது கேட்பார்கள்.
"ரெண்டு நாள் பாருங்க" என்பேன்.
சில்லறை தேடிக்கொண்டே சொல்லிவிடலாம் அதை.

ஜோவிட்டாவுக்கு நூற்றிரண்டு, நூற்றி மூன்று,
மருந்து கொடுத்தால் நூறு, மறுபடி ஏற்றம்.
கடைக்கு வந்து நிற்கும் எல்லாக் காய்ச்சலையும் போலத்தான்.
ரெண்டு நாள் பாரு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
மூன்றாவது நாளை இனாமாகச் சேர்த்துக்கொண்டேன்.

மருந்தென்றால் அவளோடு யுத்தம்.
உதட்டைப் பூட்டுவாள். குதிகால் என் வயிற்றில்.
மடியில் மடக்கி, கன்னத்தை அமுக்கி,
பாதி உள்ளே, பாதி என் நைட்டியில்.
ரோஸ் கறை போகாத நைட்டிகள் மூன்று இருக்கின்றன.

நாலாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்குக்
காய்ச்சல் விட்டது.
தெர்மாமீட்டர் பீப் அடித்தது: தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு.
எண்ணூர் ரோட்டில் டிரைலர் வரிசையில் நின்ற
அருளப்பனுக்குப் போன் போட்டேன்.
"வுட்டுடுச்சா? அப்போ தூங்கு. காலைல வந்துடுவேன்."
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
வரிசை ஒரு வண்டி நகர்ந்திருக்கும்.

தூங்கத்தான் படுத்தேன்.
அவள் பாதம் என் கையில் பட்டது.
காசிமேட்டு ஐஸ் பெட்டிக்குள் கை விட்டது போல.
நெற்றி சரி. பாதம் சரியில்லை.
ஃபேனை நிறுத்தினேன். போர்த்தினேன்.
"வயிறு வலிக்குது" என்றாள்,
அழுகையாக இல்லை, யாருடைய வயிறையோ சொல்வது போல.
குடித்த தண்ணீர் அப்படியே வெளியே வந்தது.
உப்பு சர்க்கரைக் கரைசலை ஸ்பூனில் நீட்டினேன்.

வாயைத் திறந்தாள்.

உதைக்கவில்லை. தலையைத் திருப்பவில்லை.
என்னைப் பார்த்தபடி, என்னைத் தாண்டிப் பார்த்தபடி
விழுங்கினாள்.
அப்போதுதான் எனக்கு உள்ளே எதுவோ நழுவியது.
எந்தச் சீட்டிலும் யாரும் எழுதித் தராதது:
என் பெண் சொன்ன பேச்சு கேட்கிறாள்.

எழுந்துபோய்க் கொடியில் ஜட்டிகளை எண்ணினேன்.
மதியத்துக்கு மேல் ஈரமானது ஒன்றுகூட இல்லை.

தெருவில் ஆட்டோ இல்லை.
மீன் ஏற்றப் போன குட்டி யானையை மறித்தேன்.
டிரைவர் பையன் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான்.
"ஜுரமே இல்லியேக்கா?"
"அதான்" என்றேன். "அதுக்குத்தான் போறேன்."

ஸ்டான்லியில் சின்ன வயது டாக்டர், கண்ணெல்லாம் தூக்கம்.
தெர்மாமீட்டரை எடுக்கவே இல்லை.
ஜோவிட்டாவின் நகத்தை அழுத்தி விட்டாள்.
வெள்ளை.
சிவப்பு திரும்புவதற்காக நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.
நான் நான்கு வரை எண்ணினேன்.
"காய்ச்சல் எப்போ விட்டுச்சு?"
"கடைசியா எப்போ யூரின் போனா?"
பதிலை முழுசாகக் கேட்காமலே உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டாள்.
"டெங்குல, விடுற நேரந்தாம்மா..."
அதற்கு மேல் சொல்லவில்லை. நரம்பு தேடப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம், எத்தனையாவது பாட்டிலோ,
ஊசி மாற்ற வந்த நர்ஸ் அக்காவின் கையைக் கடித்தாள்.
அக்கா திட்டினார்.
நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதெல்லாம் போன மழைக்காலம்.
நேற்று, தோளில் பையனைப் போட்டுக்கொண்டு ஒருவர்,
சாப்பாடு டெலிவரி செய்யும் சட்டை, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.
"ஜுர மருந்து ஒண்ணு குடுக்கா. வுட்டுடுச்சு. இருந்தாலும் வச்சிக்கலாம்."
"மருந்து குடுத்தா அழறானா?"
"அட, இன்னிக்குக் காலைலேருந்து சமத்தாக் குடிக்கிறான்."

பாட்டிலை எடுத்த கை அப்படியே நின்றது.
முதலாளி கல்லாவிலிருந்து பார்க்கிறார்.
"ஒண்ணுக்குப் போனானா? கால் சில்லுனு இருக்கா பாருங்க.
லெஃப்ட்ல திரும்பினா ஸ்டான்லி. வீட்டுக்குப் போவாதீங்க."

அவர் பர்ஸைத் திறந்தபடி கேட்டார்:
"எவ்ளோக்கா?"