ஏழாவது கட்டம்

நான்கு இயந்திரங்கள்.
கொழும்பில் மூடிய மண்டபமொன்றிலிருந்து
பழைய இரும்புக்கு எடைபோடப் போனவை.
குவைத்தில் மூன்று வருடம் நான் துடைத்த தரையெல்லாம்
இப்போது
இரண்டு கார், ஒரு துப்பாக்கி,
பொம்மை தூக்கும் ஓர் இரும்புக் கை.

பண்டாரவளையில் பேக்கரிக்கு மேல்மாடி.
முற்பணம் கொடுத்தாயிற்று.
பலகைப் படி ஏறினால் பாண் வாசம்.
அனுமதிதான் இல்லை.

படிவம் சிங்களத்தில் இருந்தது.
தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம்.
"அடுத்த மாசம் வரும்" என்றார் விஜேகோன் மாத்தையா.
போன மாசமும் அதைத்தான் சொன்னார்.

முதல் கட்டம், பெயர்.
பிறப்புச் சான்றிதழில் செல்வநாயகி,
அடையாள அட்டையில் செல்லநாயகி,
கடவுச்சீட்டில் செல்வநாயக்க என்று
யாரோ ஓர் ஆம்பிளை.
மூன்று பேரும் கையொப்பம் வைத்தோம்.

இரண்டாவது, நிரந்தர முகவரி.
கீழ்ப்பிரிவு, ஆறாம் லயம், மூன்றாம் காம்பிரா.
"வீதி இலக்கம்?"
வீதி எங்கள் வாசலுக்கு வருவதில்லை, மாத்தையா.
அடைமழையில்
வாசல்தான் வீதிக்குப் போகும்.

தோட்டத்துக் கடிதம் கேட்டார்; துரை லீவில்.
கிராம சேவகர் பயிற்சியில்.
தீயணைப்புக் கடிதத்துக்குப் பதுளைக்குப் போகச் சொன்னார்கள்.
பதுளையில்,
"அதை அங்கேயே எடுக்கலாமே, தங்கச்சி."
இந்த விண்ணப்பத்தால் இதுவரை
சம்பாதித்தது பதுளை பஸ் மட்டும்.

ஏழாவது கட்டம்.
விளையாட்டின் முடிவைத் தீர்மானிப்பது
அதிர்ஷ்டம் / திறமை.
பொருந்தாததை வெட்டிவிடவும்.

அதிர்ஷ்டம் என்றால் சூது;
கோப்பு கொழும்புக்குப் போகும், திரும்பாது.
திறமை என்றால் கட்டணமும் ஒரு முத்திரையும்.
தெரிந்தும் பேனை நின்றது.

பதினெட்டுக் கிலோ பறித்தால் முழுப் பேர்.
அம்மா பறித்தாள்.
ஈரத்துக்கு இரண்டு கிலோ கழித்தது தராசு.
என்னோடு விமானம் ஏறிய பரிமளா
என்னைவிட நன்றாகச் சமைப்பாள்,
என்னைவிட அரபு பேசுவாள்.
பெட்டியில் வந்தாள்.

பின்னால் வரிசை இருமியது.
அதிர்ஷ்டத்தை வெட்டினேன்.
மெல்லிய கோடு.
அடியில் எழுத்துத் தெரிந்தது.

புதன்கிழமை பரிசோதனைக்கு வந்தார்,
நனைந்த குடையும் கொப்பியுமாக.
காரில் உட்காரவில்லை; துப்பாக்கியைத் தொடவில்லை.
நேரே இரும்புக் கையிடம் போனார்.
ஒன்பது வில்லை.
ஒன்பது முறையும் சிவப்புக் கரடி
விளிம்பு வரை வந்து விழுந்தது.
"இதில திறமை எங்க இருக்கு?"

திறமை இல்லை, மாத்தையா.
அதிர்ஷ்டமும் இல்லை.
உள்ளே, விரல்களுக்கு மேலே
ஒரு திருகாணி இருக்கிறது.
விற்றவன் காட்டித் தந்தான்:
இந்தப் பக்கம் அரைச் சுற்று விட்டால் பிடிக்கும்,
அந்தப் பக்கம் விட்டால் பிடிக்கிற மாதிரி இருக்கும்.
மூன்றாவது சொல்லைப் படிவத்தில் அச்சடிக்கவில்லை.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
"கீழ பிளேன்டீ போடச் சொல்லியிருக்கேன்,
குடிச்சிட்டு வாங்களேன்" என்றேன்.
அவர் படியிறங்கிய சத்தம் ஓயுமுன்
முதுகுக் கதவைத் திறந்தேன்.

பத்தாவது வில்லை.
கரடி வந்தது.
ஐம்பது வயது மனிதர்
இரண்டு கையையும் தட்டினார்.
"பழகினா வருது, என்ன?"
கொப்பியில் எழுதினார், திறமை என்று.

கரடியைக் கோப்புக்கு மேல் வைத்து,
அதற்கும் சேர்த்துக் குடை பிடித்துக்கொண்டு போனார்.
அனுமதிப்பத்திரம் அடுத்த மாசம் வருமாம்.

திருப்புளி என் கையில்.
திருகாணியைத் தளர்த்தவில்லை,
இன்னும்.