3809

ஐப்பசி அடைமழையின் ஒன்பதாம் நாள்
கள்ளிக்குடிக் கரிசல் குளம்புகளுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.
பட்டியில் நாற்பத்தொன்று.
ஆறு நொண்டின.
ஈரத்தில் வந்த நொண்டி என்று
கருவேல முள்ளால் சேற்றை நோண்டிக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் செவலைக்கு உதடு வீங்கியிருந்தது.
எச்சில் கயிறாகத் தொங்க,
மூக்குச் சளி பொருக்காகிக் காய்ந்து
வாயால் மூச்சு வாங்கினாள்.
காதைத் தொட்டால் அடுப்புச் சட்டி.

நீலநாக்கு என்கிறார்கள்.
நீலமாக இருக்காது, பார்த்துக்கொள்ளுங்கள்.
முதலில் கோவைப்பழச் சிவப்பு,
ஈறெல்லாம் புண்.
நீலம் வரும்போது
நீங்கள் மண்வெட்டி தேடிக்கொண்டிருப்பீர்கள்.

டாக்டர் ரெபெக்காள் மழைக்கோட்டோடு வந்தார்.
கடிப்பது கொசுவிலும் சின்னப் பூச்சி,
சேறும் சாணமும் தேங்கினால் பெருகும் என்றார்.
'தடுப்பூசி எப்பப் போட்டீங்க?'

புரட்டாசியில் முகாம் வந்த அன்று
நான் திருமங்கலத்தில் இருந்தேன்,
கூட்டுறவு வங்கி வரிசையில்,
கம்மலுக்கு வட்டி கட்ட.
அதைச் சொல்லவில்லை.
'விட்டுப்போச்சு' என்றேன்.

ஊதாத் தண்ணீரில் வாய் கழுவினேன்.
புண்ணுக்குக் கிளிசரின்.
ஆறிய கேப்பைக்கூழை உள்ளங்கையில் ஏந்தினால்
மூக்கை நனைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.
அந்திக்கு நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டம்.
ஆடுகளும் நானும் சேர்ந்து இருமினோம்.

நான்காம் நாள் போனாள்.
இரண்டு ஈத்து, இரண்டிலும் இரட்டை.
அடுத்தவள் குட்டி முட்டினாலும்
காலைத் தூக்காமல் நின்றவள்.

அவளுக்கு இன்சூரன்ஸ் இருந்தது.
பதினைந்துக்குத்தான் பணம் கட்ட முடிந்தது,
அதில் ஒருத்தி.
இடது காதில் மஞ்சள் தோடு, எண் 3809.
காது இருந்தது, ஓரம் கிழிந்து.
தோடு இல்லை.

இன்சூரன்ஸ் தம்பி நல்லவர்தான்.
கிழிந்த காதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
'தோடு இல்லாம, இதுதான் அதுன்னு
நான் எப்படிக்கா எழுதுறது?'
பிறகு ஏனோ என் காதைப் பார்த்தார்.
இரண்டு துளையிலும் வேப்பங்குச்சி.
பேனாவை மூடிக்கொண்டார்.

கண்மாய்க் கரைக் கருவேலங்காட்டில்
மூன்று நாள் குனிந்து தேடினேன்.
பாம்புச் சட்டை ஒன்று.
யாருடையதோ ஒற்றைச் செருப்பு.
ஒவ்வொரு முள்ளிலும் கொஞ்சம் ரோமம்,
என் ஆடுகள் எல்லாமே
என்னிடம் சொல்லாமல் விட்டுப்போனது.

நாலு செத்தன. பிழைத்தவை பிழைப்பாக இல்லை.
விலாவை விரல் விட்டு எண்ணலாம்.
தை வரைக்கும் ஒன்றும் கிடாவுக்கு நிற்கவில்லை.
மாசியில் இரண்டு குட்டி எடை குறைந்து விழுந்தன,
ஒன்று எழவே இல்லை.
வெள்ளிக்கிழமைச் சந்தையில் யாவாரி
துண்டுக்கடியில் என் விரலை மடக்கி மடக்கி
பாதி விலைக்குக் கொண்டுவந்தான்.

பங்குனியில் போனுக்குச் செய்தி வந்தது:
3809 எண் கால்நடைக்குக் குடற்புழு மருந்து கொடுக்கவும்.
பக்கத்து வீட்டுப் பையன் வாசித்துச் சொன்னான்.
இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

வைகாசியில் கண்மாய் வெடித்துக் காய்ந்தபோது
ஒரு வெடிப்புக்குள் மஞ்சள் தெரிந்தது.
எச்சில் தொட்டுத் துடைத்தேன்.
மூன்று, எட்டு, பூஜ்யம், ஒன்பது.
கெடு முடிந்து ஐந்து மாதம்.
அடகு ரசீது இருக்கும் டப்பாவில் போட்டு வைத்தேன்.
அதிலும் ஒரு எண் இருக்கிறது.

இந்த ஆவணி முகாமுக்கு
ஐந்தரைக்கே ஓட்டிப் போய்விட்டேன். முதல் ஆள்.
ஐஸ் பெட்டியைத் திறந்தபோது
ஆடு ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பியது.
ஆய்வாளர் பட்டியலைப் பார்த்து எண் கூப்பிட்டார்.
கூப்பிடக் கூப்பிடத் தொடை இடுக்கில் கழுத்தை இறுக்கிக் கொடுத்தேன்.

'3809?'

காகிதத்தில் அவளுக்கு இது மூன்றாவது ஈத்தாக இருக்கும்.
இரட்டைதான்.

'மேயப் போயிருக்கு சார்.'

'அடுத்த தடவை பிடிச்சு வச்சிருங்க' என்று சொல்லி
அடுத்த எண்ணுக்குப் போனார்.