பேணி

பதினொன்றுக்குப் பதினொன்று.
உயர்ந்த கைகளை உதவி ஆணையாளர்
இரண்டு தரம் விரலால் எண்ணினார்,
மூன்றாம் தரம் பேனையால்.
கணக்கு அசையவில்லை.
தேநீர் அறையிலிருந்து அப்போதுதான்
கழுவிய பால்மாப் பேணி ஒன்று வந்தது,
அடியில் இன்னும் ஈரத்தோடு.

ஒரு தாளில் ஐயூப்கானின் பெயர்.
மற்றதில் சுகிர்தமலர் என்று நான்.
இரண்டையும் ஒரே அளவாய் மடிக்கச் சொன்னவர் அவர்தான்.
அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருந்தது,
எதிராளி என்பதை ஒரு கணம் மறந்தேன்.

வாயிற்காவலர் மரியதாசனின் கை பேணிக்குள் போயிற்று.
ஜன்னலுக்கு வெளியே டச்சுக்குடா
ஒன்றும் நடவாததுபோல் மினுங்கிக்கொண்டிருந்தது.
இவ்வளவு சனம் தன் கையை ஒருநாளும் பார்த்ததில்லை
என்று பிறகு சொன்னார்.
வெளியே வந்தது என் பெயர்,
ஒரு மூலை நனைந்து.

பட்டாசு வெடித்தார்கள், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்.
நான் வென்றேனா?
சாம்பல்தீவுச் சந்தியில் ஒலிபெருக்கி கட்டி
தொண்டை கிழியக் கேட்டுப் பெற்ற வாக்குகளும்
நோன்போடு வீடு வீடாய் நடந்து அவர் பெற்றவையும்
சரிசமமாய்ச் சாய்ந்து நின்றன.
மிச்சத்தை முடிவு செய்தது
ஒரு காவல்காரரின் ஈரவிரல்.

சத்தியப் பத்திரம் நீட்டினார்கள்.
மேலே சிங்களம், கீழே எங்கள் தமிழ்,
ஓரத்தில் யாரோ வைத்த தேநீர்க் கோப்பையின் வட்டம்.
சத்தமாய் வாசித்துக்கொண்டு போனேன்.
“சட்டத்தைப் பேணி…”
அந்தச் சொல்லில் நாக்கு நின்றுவிட்டது.
முதலில் சிரித்தது ஐயூப்கான்.
பிறகு சபையே சிரித்தது.
ஆணையாளர் மட்டும் விளங்காமல்
தன் சட்டைப் பொத்தான்களைத் தடவிப் பார்த்தார்.

நாலு பக்கத்தில் பேச்சு எழுதி வந்திருந்தேன்.
துறைமுகம் இருந்தது அதில், உல்லாசப் பயணம் இருந்தது,
எழுச்சி என்ற சொல் ஆறு இடத்தில்.
கைப்பைக்குள்ளேயே கிடக்கட்டும் என்று விட்டேன்.

சொன்னது இவ்வளவுதான்:
போன மாசியில் கோட்டை வாசலடியில் செத்த மானின் வயிற்றை
மிருக வைத்தியர் கீறும்போது நான் பக்கத்தில் நின்றேன்.
தேங்காயளவு உருண்டை ஒன்று எடுத்தார்,
முழுக்க லஞ்ச் சீற்.
அதில் ஒன்றில் சோற்றுப்பருக்கை கூட ஒட்டியிருந்தது.
அது நாங்கள் சாப்பிட்ட சோறு.
ஆகையால்,
செவ்வாய்க்கிழமைக் குப்பை வண்டி
செவ்வாய்க்கிழமை வரும்.
எனக்குப் போடாத பாதிப் பேரின் ஒழுங்கைக்கு
முதலில் வரும்.
வராவிட்டால் என் வீட்டு இலக்கம் பதினேழு,
வந்து கதவைத் தட்டுங்கோ.
வேறொன்றும் இப்போதைக்குச் சொல்லத் தெரியவில்லை.

கைதட்டல் பெரிதாய் இல்லை.
பின்வாங்கிலிருந்து ஒருவர்,
“இவ்வளவுதானா?” என்றார்.
கதிரையில் உட்கார்ந்தேன்; இடப்பக்கம் சாய்ந்தது.
முந்தியவர் சாய்ந்தே இருந்திருக்கிறார் போலும்.

“பேணியை என்ன செய்யிறது, மடம்?”
மரியதாசன் அதை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.
தேநீர் அறைக்கே குடுங்கோ, என்றேன்.
சீனி போட்டு வைக்கட்டும்.

படியிறங்கினால்
காரின் முன்மூடியில் கழற்றி வைத்த செவ்வந்தி மாலையை
ஒரு பெட்டைமான் தின்றுகொண்டிருந்தது.
அவசரமில்லை அதற்கு.
பூ முடிந்து நைலோன் நூல் போய்க்கொண்டிருந்தது உள்ளே.
சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு
மெல்லப் பிடித்தேன்.
அது இழுக்க, நான் இழுக்க,
படமெடுக்க வந்தவர்கள் எடுக்கலாமா என்று தயங்க,
எச்சிலோடு வந்தது ஒரு முழ நூல்.

விரலில் அதைச் சுற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது
மரியதாசன் ஓடி வந்து காதோடு சொன்னார்:
“மடம், நாளைக்குச் செவ்வாய்.
உழவு மிசினுக்கு
முன் டயர் இல்லை.”