அச்சுக்கு நான்கு விரல் மேலே

ஃபெராராவில் கோட் தைக்க வருகிறவர்களை
நான் நிற்கவைத்து அளப்பதில்லை.
கடை நடுவில் சைக்கிள் சீட் பொருத்திய முக்காலி ஒன்று.
ஏறி உட்காருங்கள் என்பேன்,
ஹேண்டில்பார் இருப்பதாக நினைத்துக் கையை நீட்டுங்கள்.
பல் மருத்துவர் ஏறியிருக்கிறார், வங்கி மேலாளர்,
ஒருமுறை பாதிரியார்கூட, அங்கியோடு.
நிற்கும்போது எல்லாக் கோட்டும் பொருந்தும்.
மிதிக்கும்போதுதான் முதுகு உண்மை பேசும்.

இந்த ஊரில் யாருக்கும் அவசரமில்லை.
ஹெல்மெட்டும் ஒட்டிப்பிடிக்கும் பளபள உடையும்
ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்காரர்களுக்கு.
மற்ற நாட்களில் குதிகால் உயர்ந்த செருப்பு,
கழுத்தில் பட்டு, ஒரு கையில் குடை,
கூடைக்கு வெளியே தலைநீட்டும் செலரி.
பனிமூட்டத்தில் முதலில் வருவது நிறம்,
பிறகு ஆள்,
கடைசியில் சைக்கிள்.

இரிதே நீதிமன்றத்தில் எழுத்தர்.
அவள் சைக்கிளுக்கென்றே தைத்தேன்
அந்த ஒயின் நிறக் கோட்டை:
ஓரம் அச்சுக்கு நான்கு விரல் மேலே,
அதற்குக் கீழே இறங்கினால் சங்கிலி தின்றுவிடும்.
கறுப்பு வண்டி, கம்பி பிரேக்,
மட்கார்டில் பேரிக்காய் அளவு நெளிவு,
ஒன்பது வருடமாக ஊமையாய் ஒரு மணி.

நவம்பரில் ஒரு செவ்வாய், திருட்டுப் போனது.
நீதிமன்ற வாசலிலிருந்தே.
அவள் அழவில்லை, அக்கா கணவர் லியார்க்கோவின்
வண்டியை இரவல் வாங்கினாள்.
ஆண்கள் வண்டி, குறுக்கே பார்.
கடைசி இரண்டு பொத்தானைத் திறந்துவிட்டு
காலை வீசி ஏறுவாள்,
நான் தைத்த மடிப்பெல்லாம் தப்பான இடத்தில் விழும்.
ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்து
ஊசியைக் குத்திக்கொண்டேன்.

ஜனவரியில் வியோரிகா வந்தாள்.
மால்தோவாக்காரி, ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறாள்,
முதல் போனஸில் கடுகு மஞ்சளில் ஒரு கோட் வேண்டும்.
‘எந்த வண்டி?’ என்றேன் வழக்கம்போல.
‘வாசலில் நிற்கிறது.’
நெளிவைப் பார்த்தேன். பேரிக்காய்.
திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றேன்,
திருடியது நானில்லை, அவளுமில்லை:
ரயில் நிலையத்தருகே ஒரு பையனிடம்
முப்பத்தைந்து யூரோ, ரசீது கேட்கவில்லை.
பின்சக்கரத்துக்குப் புது வலை பின்னியிருந்தாள்,
துணி சிக்காமலிருக்க,
பச்சையும் ஆரஞ்சுமாக, விசிறி விரித்ததுபோல.

முக்காலியில் ஏற்றி அளந்தேன்.
அச்சுக்கு நான்கு விரல் மேலே.
நோட்டைப் புரட்டினால் அதே எண்,
வேறு பெயருக்கு நேரே.
இங்கே நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.
‘கைநீளம் ஐம்பத்தெட்டு’ என்றேன்.

கோட்டை வாங்க வந்த நாளில்
மழைக்கு ஒதுங்கி இரிதேயும் வந்தாள்.
வாசலிலேயே நின்றுவிட்டாள்.
நான் வாயில் குண்டூசிகளோடு,
அதைச் சாக்காக வைத்துக்கொண்டு.
இரிதே குனிந்து நெளிவைத் தடவினாள்,
பிறகு வலையை,
பிறகு, என்ன நினைத்தாளோ,
மணியின் மேல் கட்டைவிரல் வைத்தாள்.

க்ளிங்.

‘இது அடிக்குமா?’
‘உள்ளே ஒரு எறும்புக் கூடு’ என்றாள் வியோரிகா,
கன்னம் கடுகைவிட வெளுத்து,
‘கழுவி எண்ணெய் விட்டேன். உங்களுடையதா?’

நீதிமன்றத்தில் பதினேழு வருடம்
மற்றவர்களின் பதில்களைத் தட்டச்சு செய்தவள்
தன் பதிலுக்கு நேரம் எடுத்துக்கொண்டாள்.
மழை நின்றது. பனி இறங்கியது.
இரண்டு பேரும் வெளியே போனார்கள்,
நடுவே அந்த வண்டியை
ஆளுக்கொரு கைப்பிடியில் உருட்டியபடி.
லியார்க்கோவின் வண்டி என் சுவரிலேயே சாய்ந்து நின்றது.

ஒயின் கரைந்தது, கடுகு கரைந்தது.
முனை திரும்பும் இடத்தில் மணி கேட்டது,
இரண்டு முறை, கொஞ்சம் கர்வமாக.
அடித்தது யாரென்று தெரியவில்லை.
கோட் பாக்கி இருபது யூரோ
வியோரிகா கணக்கில் எழுதியிருந்தேன்,
மறுநாள் இரிதே கொடுத்துவிட்டுப் போனாள்,
நடந்தே வந்து.