நாலும் ஒரு முளையும்

சிலோயே தீவில் காலை எட்டரை.
முதலில் மழை வந்தது, பிறகு பிள்ளைகள்.

சுவரில் தொங்கும் வானிலை அட்டைக்கு மூன்றே படங்கள்:
சூரியன், மேகம், மழை.
சூரியன் கடையில் வாங்கிய மெருகு குலையாமல் இருக்கிறது.
மழையின் ஓரங்கள் பிய்ந்து
இரண்டு முறை ஒட்டியாயிற்று.
இன்று படம் மாற்றுவது ரொசாமெல்லின் முறை.
ஜன்னலில் மூக்கைப் பதித்துப் பார்த்துவிட்டு வந்தான்:
"சித்தி, இது நேத்து மழை இல்ல.
சாஞ்ச மழை. சாஞ்ச மழைக்குப் படம் எங்க?"

இந்தத் தீவில் டீச்சரைச் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள்.
இவர்களின் அம்மா ஒருத்தியும் எனக்கு அக்கா இல்லை.
பதினேழு பேருக்குச் சித்தி நான்.

மழைப் படத்தை எடுத்துச் சாய்த்து ஒட்டினோம்.
ஒரு பாடம் முடிந்தது.

அடுத்தது, நான் எழுதி அனுப்பிய திட்டப்படி,
ஐந்து.
ஐந்து விரல், ஐந்து பொத்தான்,
சிரித்த முகம் வரைந்த காகித நட்சத்திர மீனுக்கு
ஐந்து கை.
ஆனால் பத்து மணிக்குக் கடல் இறங்கும்.
கடல் யாருடைய திட்டத்தையும் படிப்பதில்லை.

பதினேழு பேர், முப்பத்துநாலு பூட்ஸ்.
பாதி இடவலம் மாறிய கால்களில்.
நீளக் கயிற்றில் ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு
மரக்கால்களில் நிற்கும் வீடுகளின் அடியில் புகுந்து போனோம்.
மேலே யாரோ வெங்காயம் வதக்கினார்கள்.
கீழே சேறு, கடல் விட்டுப்போன பளபளப்போடு.

அன்டுவின் வலது பூட்ஸைச் சேறு கேட்டது.
கொடுத்துவிட்டான்.
அன்டு என்றால் மாபுச்சே மொழியில் சூரியன்;
சூரியன் நனைந்த காலுறையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
ஒற்றைக்காலில் நின்றான்,
நகர மாட்டேன் என்று.

அப்போதுதான் பாறை இடுக்கிலிருந்து சயேன் கத்தினாள்.
"அஞ்சு!" என்றது கூட்டம், பார்க்காமலே.
எதையும் ஒப்புக்கொள்ளாத சயேன்
தொட்டுத் தொட்டு எண்ணினாள்.
"நாலு."

குனிந்து பார்த்தேன். ஆரஞ்சு நிறம், உயிருள்ளது.
நாலு கை.
ஐந்தாவது இருந்த இடத்தில்
அரிசி அளவுக்கு ஒரு முளை.

"நாலுதான்."
"நாலரை!"
"அரை இவ்ளோ சின்னதா இருக்காது."
"யாரு தின்னாங்க?"
"அவங்க அம்மா திட்டுவாங்களா?"

அறுந்த கை மறுபடி வளரும் என்று சொல்ல
வாயைத் திறந்தேன்.
சாய்ந்த மழை நேரே உள்ளே போனது.
இருமி முடிப்பதற்குள்
தன் ஒற்றைக்காலிலிருந்து அன்டு சொன்னான்:
"சும்மா இருங்க.
அது இன்னும் போட்டு முடிக்கல."

யாரும் பேசவில்லை.
பூட்ஸ் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று
அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அன்டுவின் பூட்ஸை மண்வெட்டியால் தோண்டி எடுத்தோம்.
கவிழ்த்ததும் ஒரு குட்டி நண்டு விழுந்து
பக்கவாட்டில் ஓடியது.
எட்டுக் காலா பத்துக் காலா,
கொடுக்கைக் காலில் சேர்ப்பதா கையில் சேர்ப்பதா,
வழி நெடுக சண்டை.
கயிற்றில் ஒரு முடிச்சு காலியாக வந்தது;
எண்ணிப் பார்த்தால் பதினேழும் சரி.
ரொசாமெல் தன் முடிச்சை விட்டுவிட்டு
சயேனின் முடிச்சில் இருந்தான்.

மதியம் கத்தரிக்கோல்.
வெட்டச் சொன்னது ஓரத்தை மட்டும்.
சயேன் தன் நட்சத்திரத்தில் ஒரு கையை நறுக்கினாள்,
அந்த இடத்தில் துளிக் காகிதத்தைக் கிள்ளி ஒட்டினாள்.
பத்து நிமிடத்தில் மேசை முழுக்க
நாலு கை மீன்கள், சிரித்த முகத்தோடு.
தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம்.
படிவத்தில் "ஐந்து" என்ற வரிக்கு நேரே மூன்று கட்டங்கள்:
கற்றார், கற்கிறார், இனிதான்.
பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

எல்லோரும் போனபின் தரையைக் கூட்டினேன்.
வெட்டி எறிந்த கைகள்.
வழக்க தோஷம், எண்ணினேன்:
பதினாறு.

ஒன்று எங்கே என்று தெரியும்.
வாசலில் அம்மா பூட்ஸ் மாட்டிவிடும்போது
அன்டு ஒரு கையை மட்டும் திறக்கவே இல்லை.
"என்னடா அதுல?"
"அதோடது.
நாளைக்கு வந்து கேட்டா?"